சாந்தோம் கோயிலும் நம் ஊர்க் கற்களும்

ஒரு நாட்டின் சரித்திரம் ஏட்டில் மட்டும் எழுதப்பெற்றிருப்பதன்று. கல்லிலும் செம்பிலும், கட்டடத்தின் வளைவிலும், ஊரின் பெயரிலும் அது எழுதப்பெற்றுக் கிடக்கின்றது. ஏட்டைப் படிக்கப் பள்ளிக்கூடம் போதும். கல்லைப் படிப்பதற்கோ கல் இருக்குமிடத்துக்குச் செல்லுதல் வேண்டும். அன்றியும் அக்கல்லை எவரேனும் போற்றி வைத்திருத்தலும் வேண்டும். இவ்விரண்டாவது செய்தியை நம் சங்கத்து அன்பர்கள் நெஞ்சில் இருத்துதல் வேண்டுமென்னும் கருத்தினாலேயே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். பார்க்கவேண்டிய இடங்களுள் மயிலாப்பூர்ச் சாந்தோம் பேராலயத்தையும் அதனைச் சார்ந்த பொருட்காட்சிசாலையையும் சேர்த்திருந்தோம். “கபாலீசுவரர் கோயில் அருகிலேயே இருக்க, பிள்ளைகளைக் கிறிஸ்தவக் கோயிலுக்கு அழைத்துப் போவானேன்?” என்று பெரியவர் ஒருவர் வினவினார். அவர் வினவியது முறையே. கபாலீசுவரர் கோயிலையும் பிள்ளைகள் வழிபட்டே வந்தனர். ஆயினும் அக்கோயிலின் பழங்கதையில் ஒரு பகுதியை அறியவேண்டுமானால் சாந்தோமுக்குத்தான் செல்லவேண்டும் என்பதனை இக்கட்டுரையைப் படித்து முடிக்கும்போது அவரும் ஒப்புவார் என்று நம்புகின்றோம்.

முதற்கண் பெயரைப் பார்ப்போம். சாந்தோம் என்பது தமிழ்ச் சொல் அன்று. போர்த்துக்கீசியர் தம் மொழியில் தூய தோமையாரைச் சான் தோமே என்பர். அதுவே நம் நாவிற் படிந்து சாந்தோம் ஆயிற்று. ஊரின் பழம்பெயர் மயிலாப்பு, மயிலாப்பில், மயிலை என்பன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பூகோள நூல் இயற்றிய யவன அறிஞர் தாலமி ‘மலியார்பா’ என்று குறித்த துறை இம்மயிலாப்பூரே என ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆகவே கடல் வழியே வந்தவர்க்கு இத்துறை பன்னெடுங்காலமாக அறிமுகமானதாகும்.

தோமையார் இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவர். அவர் கி.பி. 52-இல் மலையாளக் கரையில் இறங்கி, பின்னர்க் கீழ்க்கடற்கரைக்கு வந்து, கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியாற் குத்துண்டு இறந்து, மயிலையில் அடக்கம் செய்யப்பெற்றார் என்பது கிறிஸ்தவர் வழிவழியாகக் கொண்டுவரும் கொள்கை. இதனை நாம் பிள்ளைகளுக்குக் கூறியபோது, “அத்தனை தொலைவிலிருந்து அந்தக் காலத்தில் எப்படிங்க ஐயா வந்திருப்பார்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல வினா. அதற்கு விடை சென்னையில் இல்லை. நம் கோவையில் இருக்கின்றது. 1842-இல் கோவைக்கு அணித்தான வெள்ளலூரில் 522 உரோம வெள்ளிக்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலன அகஸ்தஸ், திபேரியஸ் என்னும் பேரரசர்கள் வெளியிட்டவை. திபேரியஸ் என்பவனே இயேசுநாதர் சிலுவையில் ஏறிய காலத்து உரோமப் பேரரசன். அவன் முகம் பொறித்த காசு பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யற்கரை வரை வந்திருக்குமாயின், அவன் ஆட்சிக்குட்பட்ட நாட்டினின்றும் ஒரு மனிதர் வருதலும் இயலாததன்று. வந்தார் என்பதற்கு இக்காசுகள் சான்றாகா. வரக்கூடிய வழி திறந்திருந்தது என்பதற்குச் சான்றாகும். சரித்திரம் படிப்போர் இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை இளமையிலேயே உணர்தல் நலம்.

தோமையாரின் கல்லறையைப் பற்றி எழுதிய வெளிநாட்டார் பலர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்துக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அக்கல்லறை இருக்குமிடத்துச் செம்மண்ணைக் கிறிஸ்தவர்கள் எடுத்துச் சென்று காய்ச்சல் கண்டார்க்குக் கொடுக்கும் வழக்கத்தை எழுதிவைத்தார். தோமையாரின் எலும்புகளுட் பெரும்பகுதி பழங்காலத்திலேயே மேற்கே எதேசா நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பெற்று, 1258-இல் இத்தாலி தேசத்து ஓர்த்தோனாவை அடைந்தது என்பர். எனவே மயிலையில் எஞ்சியிருப்பது கல்லறையும் மிகச் சிறிய எச்சங்களுமேயாம். எனினும் அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறைமேல் எழுந்த கோயில்கள் உலகில் மூன்றே என்று கிறிஸ்தவர் பெருமையுடன் கூறுவர். உரோமாபுரியில் பேதுருவின் கோயில் ஒன்று. ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகு கோயில் ஒன்று. மற்றொன்று நம் சாந்தோம்.

போர்த்துக்கீசியர் 1523-ஐ ஒட்டிக் கல்லறை இருந்த இடத்தைத் தோண்டிப் புதுக்கிக் கோயில் அமைத்தனர். சவேரியார் 1545-இல் இங்கு வந்து சில திங்கள் தங்கி வழிபட்டார். 1606-இல் மயிலாப்பூர் ஒரு மேற்றிராசனம் ஆயிற்று. பிறகு இவ்வூர் பட்ட பாடு சிறிதன்று. கோல்கொண்டாச் சுல்தான் படையும், 1672 முதல் 1674 வரை பிரெஞ்சுக்காரரும், ஒல்லாந்தரும் இதன்பொருட்டுப் போரிட்டனர். 1749-இல் இது ஆங்கிலேயர் கைப்பட்டது. கோட்டை மதில் போயிற்று, துறை போயிற்று, கோயில் மட்டும் நின்றது.

அப்பழங்கோயிலும் 1893-இல் இடிக்கப்பெற்றது. இராணுவப் பொறியியலாளராகிய காப்டன் பவர் என்பார் வரைந்த திட்டப்படி இப்போதுள்ள கோயில் எழுந்து, 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அபிஷேகம் பெற்றது. 1956-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் இதனைப் பசிலிக்கா என்னும் சிறப்புப் பெயர்க்கு உரியதாக்கினார்.

கோயிலின் கட்டடமுறையைப் பிள்ளைகளுக்கு விளக்குவதிலேயே ஒரு நாழிகைக்கு மேல் சென்றது. இதனைக் கோதிக் முறை என்பர். 12-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டிற் பிறந்து ஐரோப்பா முழுவதும் பரவிய இம்முறை, பின்னர் வழக்கிழந்தது. இத்தாலிய அறிஞர்கள் இதனைக் காட்டுமிராண்டிகளாகிய கோத்தர்களின் வேலை என்று இகழ்ந்து இட்ட பெயரே கோதிக் என்பது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் முதலானோர் அதனை மீண்டும் எடுத்துப் போற்றினர். இம்மறுபிறப்பையே புதுக் கோதிக் என வழங்குவர். இகழ்ச்சியாய்ப் பிறந்த பெயர் புகழ்ச்சியாய் மாறிய சரித்திரம் அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

நம் கோயிற் சிற்பிகள் தூணை நிறுத்தி, அதன்மேற் போதிகை வைத்து, போதிகைமேல் உத்திரம் கிடத்தி, உத்திரத்தின்மேற் கற்பலகை பரப்பினர். பாரம் நேரே கீழிறங்கும். ஆதலால் தூண்கள் நெருக்கமாக நிற்றல் வேண்டும். நீண்ட கல் ஒடியுமன்றோ? பேரூர் மண்டபத்துத் தூண்களைக் கண்ட பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கிற்று. கோதிக் தச்சரோ சிறுகற்களை வில்போல் வளைத்து அடுக்கி, உச்சியைக் கூராக்கினர். அவ்வளைவில் பாரம் கீழே இறங்குவதோடு பக்கங்களிலும் உதைக்கும். கூர்வளைவில் அவ்வுதைப்பு வட்டவளைவினும் குறைவு. எஞ்சிய உதைப்பைத் தாங்கச் சுவருக்கு வெளியே முட்டுச்சுவர்கள் எழுப்பினர். இதனால் தூண்களுக்கிடையே அகலம் கிடைத்தது. சுவரைத் திறந்து உயர்ந்த பலகணிகள் வைத்து வண்ணக் கண்ணாடி பதிக்கவும் இடம் கிடைத்தது. நம் கருவறை இருளில் ஒரு விளக்கொளியால் இறைவனைக் காட்டுகின்றது. அவர்கள் கோயில் ஒளியையே வண்ணமாக்கிக் கதை சொல்லுகின்றது. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. இரண்டும் கல்லின் இயல்பை அறிந்த கைகள் செய்தவை.

சாந்தோம் கோயிலின் முகப்பில் நிற்கும் ஊசிக்கோபுரம் ஏறத்தாழ 155 அடி உயரம். வெண்மை பூசிய அது கடலில் வருவார்க்குத் தொலைவிலேயே தோன்றும். கோயிலின் நடுவே மற்றொரு சிறிய கோபுரம் எழுகின்றது. இரண்டாவது கோபுரம் ஏன் என்று பிள்ளைகள் கேட்டனர். அதன் நேர்கீழேதான் கல்லறை இருக்கின்றது. எங்கே வணங்கவேண்டும் என்பதைக் கட்டடமே விரல் நீட்டிக் காட்டுகின்றது எனலாம்.

கல்லறைக்கு இப்போது கோயிலின் பின்புறத்தினின்று தனியே நிலத்தடி வழி அமைந்திருக்கின்றது. மேலே வழிபாடு நடக்கும்போது காணவருவோரால் இடையூறு நேராதிருக்கச் செய்த ஏற்பாடு இது. கீழே இறங்கியதும் பிள்ளைகள் தாமாகவே பேச்சடங்கினர். சிலர் முழந்தாளிட்டிருந்தனர், அவர்கட்கு இடையூறாகாமல் எம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றனர். பிறர் வழிபடும் இடத்தில் எவ்வாறு நிற்பது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் அறிந்திருந்தமை எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. நம் இல்லங்களில் தாய்மார் இட்ட பயிர் அது.

இனிப் பொருட்காட்சிசாலைக்கு வருவோம். பெரியதன்று. உதகை செல்வோர் வழியில் நின்று பார்க்கும் கூடம் போன்றதும் அன்று. நம் கோவையில் 1902 முதல் நிலவும் காஸ் வனப் பொருட்காட்சிசாலையில் யானையின் எலும்புக்கூட்டையும் பாடஞ்செய்த விலங்குகளையும் கண்டு வியந்த பிள்ளைகளுக்கு இது முதலில் வெறுங் கற்குவியலாகவே தோன்றியிருக்கும். பழைய கோயிலின் சிதைந்த உறுப்புக்கள், இலத்தீனும் போர்த்துக்கீசியமும் பொறித்த கற்கள், இவற்றோடு நம் நாட்டுப் பழங்கற்களும் அங்குப் போற்றப்படுகின்றன. 1920-களில் ஓஸ்டன் அடிகளார் என்னும் பெல்ஜிய நாட்டு யேசுசபைத் துறவி, சாந்தோமிலும் மயிலையிலும் சிதறிக் கிடந்த பழங்கற்களைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றின் விவரத்தையும் எழுதினார். சாந்தோம், மயிலாப்பூர்ப் பழம்பொருள்களைப் பற்றிய அவர் நூல் 1936-இல் வெளிவந்தது.

அவர் தேடப் புகுந்தது தம் சமயத்துச் சான்றை. மண்ணோ, சமயம் பார்த்துக் கல்லை வைத்திருக்கவில்லை. அப்பகுதியில் கிறிஸ்தவக் கற்களோடு சைவக் கோயிற் கற்களும், சமணர்க்குரிய கற்களும் வெளிப்பட்டன. தமக்கு வேண்டாதவை என்று அவர் அவற்றை எறிந்துவிடவில்லை. எறிந்திருந்தால் கேட்பாரும் இல்லை. அவற்றையும் எண்ணிட்டு எழுதினார். இதுவே இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்தி.

அக்கற்களால் நமக்கு விளைந்த பயன் யாது? தமிழ் பயின்றோர் நேமிநாதம் என்னும் இலக்கண நூலை அறிவர். குணவீர பண்டிதர் இயற்றியது. எழுத்தையும் சொல்லையும் சுருக்கமாகக் கூறும் அந்நூல், தென்மயிலாபுரியில் எழுந்தருளியிருந்த நேமிநாதர் என்னும் சமணத் தீர்த்தங்கரரின் பெயரைத் தாங்கியது. யாம் மாணவராயிருந்த காலத்தில் மயிலையிற் சமணக் கோயில் எங்கே என்று வியந்ததுண்டு. இன்று அங்கு அக்கோயில் இல்லை. ஆனால் நேமிநாத சுவாமிக்குக் கொடுத்த கொடையைக் கூறும் துண்டுக் கல்வெட்டொன்று சாந்தோமிற் கிடைத்திருக்கின்றது. கோயில் அழிந்தது, அதன் பெயரை ஒரு நூலும் ஓர் உடைந்த கல்லும் காத்தன.

கபாலீசுவரர் கோயிலும் இவ்வாறே. திருஞானசம்பந்தர் பூம்பாவையை எழுப்பிய பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களைத் திங்கள்தோறும் எண்ணும்போது மாசிக் கடலாட்டைக் கூறுகின்றார். அருணகிரிநாதரும் கடலை அடுத்த தலமாகவே மயிலையைப் பாடுகின்றார். இப்போதுள்ள கோயிலோ கடற்கரையினின்றும் உள்ளே விலகி நிற்கின்றது. பழங்கோயில் கடலோரத்தில் இருந்து அழிந்தது என்றும், பின்னரே இப்போதுள்ள இடத்திற் கட்டப்பெற்றது என்றும் அறிஞர் கூறுவர். அழித்தது கடலென்பாரும் உளர். போர்த்துக்கீசியர் என்பாரும் உளர். எவ்வாறாயினும் சாந்தோம்ப் பகுதியிற் கிடைத்த பழங்கோயிற் கற்கள் அவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதவை. வருத்தமான கதையாயினும் அதனைச் சொல்லும் கல் கிடைத்தது நன்றே. கல்லும் போயிருந்தால் நாம் வருந்தக்கூட வழியிராது.

தமிழெழுத்துக் கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்தி, படித்துப் பார்க்கச் சொன்னோம். சிறிது நேரத்தில் டகரமும் பகரமும் மகரமும் அவர்களுக்குப் புலனாயின. “புள்ளியே இல்லைங்களே!” என்றாள் ஒரு சிறுமி. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமென்பது தொல்காப்பிய விதியே. கல்தச்சர் பெரும்பாலும் அதனை இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. இன்று நாம் எழுதும் நெடில் வேறுபாட்டைப் பரவச்செய்தவர் வீரமாமுனிவர். அவரும் இத்தாலி நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவத் துறவியே, 1747-இல் மறைந்தவர். நம் பிள்ளைகள் நாள்தோறும் எழுதும் இரட்டைச்சுழிக் கொம்பில் அவர் கை இருக்கின்றது என்றதும் அனைவரும் வியந்தனர்.

அப்போது அச்சிறுமி மெல்லக் கூறினாள்: “ஐயா, எங்க அப்புச்சி ஊர்க் கோயில்லயும் இந்த மாதிரி எழுத்துக் கல்லு இருந்ததுங்க. கும்பாபிஷேகத்தப்போ அதைக் குப்புறப் போட்டு மேலே பளிங்குக் கல் பதிச்சுட்டாங்க.”

அன்பர்களே, சாந்தோமிற் கண்ட எல்லாவற்றையும்விட இச்சொற்களே எம் நெஞ்சிற் தைத்தன. கடல் கடந்து வந்த துறவி ஒருவர் தம் சமயத்துக்கு உரியதல்லாத கல்லையும் பொறுக்கி வைத்தார். நாமோ நம் முன்னோர் நமக்காகவே வெட்டிய கல்லைத் தரைக்குக் கீழே புதைக்கின்றோம். எவரையும் குறைகூறுதல் எம் கருத்தன்று. கோயில் பொலிவுடன் விளங்கவேண்டும் என்னும் ஆர்வத்தாலேயே திருப்பணிக் குழுவினர் இவ்வாறு செய்கின்றனர். ஆனால் ஆர்வம் அறிவோடு சேராதவிடத்துப் பொருட்செலவு பொருளழிவாய் முடிகின்றது. எந்திரத்தால் மணலைப் பீய்ச்சிக் கற்சுவரைத் துலக்கும்போது எழுநூறு எண்ணூறு ஆண்டு நின்ற எழுத்து ஒரு பகலில் தேய்ந்துபோகின்றது. சுவர்மேற் பூசும் வண்ணமும் எழுத்தின் பள்ளத்தை மூடிவிடுகின்றது. பழைய கருவறையைப் பிரித்துக் கட்டும்போது கற்கள் வரிசை மாறி, கல்வெட்டின் தொடக்கம் ஓரிடத்தும் முடிவு மற்றோரிடத்தும் போய்ச் சேருகின்றன.

கொங்குநாடு இவ்வகைச் செல்வத்தில் வறியதன்று. விசயமங்கலத்துச் சமணக் கோயிலில், சிரவணபெளகுளத்துப் பெருஞ்சிலையை எடுப்பித்த சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை என்பாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் கல் இருக்கின்றது. அங்குச் சமணர் குடும்பங்கள் இன்று அருகின. ஆயினும் அக்கல் இல்லையேல் கொங்குநாட்டுக்கும் கங்கநாட்டுக்கும் இருந்த தொடர்பில் ஒரு கண்ணி அறுபட்டிருக்கும். சென்னிமலைக்கு அருகே நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும், இரும்புருக்கிய உலையின் எச்சங்களும், மணிக்கற்களும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இதுவே என்பர். உடைந்த ஓடு என்று எறிந்திருந்தால் சங்கச் செய்யுளுக்குச் சான்று கிடைத்திராது.

இனி ஒரு கல்லைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடைய அரசன் ஒருவன் கொங்குநாட்டுக் கம்மாளர்க்கு விடுத்த ஆணை, கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் முதலிய இடங்களில் வெட்டப்பெற்றிருக்கின்றது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியிற் செல்லும்போது செருப்பணியலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது அவ்வாணையின் பொருள். படிப்பவர் சிறிது நின்று எண்ணவேண்டும். அணி செய்தும், ஏர் செய்தும், கோயிலும் தேரும் செய்தும் கொடுத்த மக்கள், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசன் ஆணை வேண்டியிருந்தது. அவ்வுரிமையை அதுகாறும் அவர்க்கு மறுத்திருந்தவர் யார்? ஊரில் நிலமும் செல்வாக்கும் உடையவராய் இருந்தோரே. அவருள் நம் முன்னோரும் இருந்திருப்பர் என்று எண்ணுவதற்கே இடமுண்டு.

இத்தகைய கல்லை நாம் என்செய்வது? நம் குலப்பெருமை கூறும் செப்பேட்டைப் பட்டுத் துணியிற் சுற்றிப் பூசையறையில் வைத்துவிட்டு, இதனை வண்ணம் பூசி மறைப்பதா? அவ்வாறு செய்தால் நம்மிடம் இருப்பது சரித்திரம் ஆகாது, முகத்துதி ஆகும். கொடையைக் கூறும் கல்லும் குறையைக் கூறும் கல்லும் ஒரே மலையில் வெட்டியவை. நம் குலத்தார் பெயர் வரும் கல், பிறர் பெயர் வரும் கல் என்று பிரித்துப் பாராமல் எல்லாவற்றையும் காப்பவனே சரித்திரத்துக்கு உரியவன். ஓஸ்டன் அடிகளார் சமணக் கல்லை எண்ணிட்டு எழுதியபோது செய்தது இதுவே.

இப்பணிக்குப் பெருஞ்செல்வமோ பெரும்பதவியோ வேண்டும் என்று எண்ணற்க. மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியராகத் தொழில் பார்த்தவர். அவர் கிறித்துவமும் தமிழும், பௌத்தமும் தமிழும், சமணமும் தமிழும் என மூன்று நூல்கள் எழுதி, தமிழுக்குப் பல சமயத்தாரும் செய்த தொண்டை நடுநிலையோடு காட்டினார். நம் கொங்குநாட்டின் பழைய வரலாற்றையும் எழுதினார். கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார் வழக்கறிஞர் தொழிலுக்கிடையே ஊர் ஊராகச் சென்று கொங்கு வரலாறு தொகுத்தார். ஈரோட்டுப் புலவர் செ. இராசு, அறச்சலூரில் பண்டைத் தமிழ் இசையெழுத்துக் கல்வெட்டைக் கண்டு வெளிப்படுத்தியவர். கொங்குநாட்டுச் செப்பேடுகளையும் ஓலைகளையும் வீடு வீடாகத் தேடிப் பதிப்பித்தவர். 2023-இல் அவர் மறைந்தார். அவர் நடந்த வழியில் நடக்கக் கால்கள் வேண்டும். அக்கால்கள் நம் பிள்ளைகளுடையனவாக இருக்கட்டும்.

ஆகவே சங்கத்தார்க்கு நாம் விண்ணப்பித்துக்கொள்வன நான்கு.

முதலாவது, காணிக் கோயில் எதிலேனும் திருப்பணி தொடங்குமுன், அங்குள்ள எழுத்துக் கற்கள் அனைத்தையும் எண்ணிட்டுப் படம் எடுத்துவைத்தல் வேண்டும். இக்காலத்தில் இதற்குச் செலவில்லை; பிள்ளைகள் கையிலுள்ள கைப்பேசியே போதும். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்ந்து விழும்போது எடுத்தால் எழுத்தின் பள்ளம் நிழல்பட்டுத் தெளிவாய்த் தெரியும். சுண்ணத்தையோ மாவையோ எழுத்தில் தேய்த்தல் ஆகாது.

இரண்டாவது, தொல்லியல் துறையார்க்கு எழுதி மைப்படி எடுப்பித்தல் வேண்டும். கல்லை நீரால் மெல்லக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையாற் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துள் இறங்கச்செய்து, மேலே மை ஒற்றினால் எழுத்து வெண்மையாகவும் எஞ்சிய இடம் கருமையாகவும் தோன்றும். கல் பின்னாளில் அழியினும் தாள் பேசும்.

மூன்றாவது, பிரித்தெடுத்த கல்லைத் தரைக்கோ படிக்கோ பயன்படுத்தாமல், எழுத்து வெளியே தெரியக் கோயிற் சுற்றிலேயே நிறுத்திவைத்தல் வேண்டும். செப்பேடும் ஓலையும் வைத்திருக்கும் குடும்பத்தார் மூலத்தைத் தாமே வைத்துக்கொள்க. படியை மட்டும் சங்கத்துக்குத் தருக.

நான்காவது, சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை இதற்கென ஒதுக்குதல் வேண்டும். வழக்கிழந்த படி, உழக்கு, கவலை இறைத்த சால், கைத்தறிக் கருவி, பழைய திருமண ஓலை, நிலப்பத்திரம், ஊர்க் கணக்கு ஆகியவை அவ்வறையில் இடம்பெறட்டும். எப்பொருள் எவ்வூரில் எவர் வீட்டிற் கிடைத்தது என்பதை ஒரு பேரேட்டில் எழுதிவைத்தல் முதன்மையானது. விவரம் எழுதாத பழம்பொருள் ஊரும் பேரும் அறியாத அநாதை போன்றது. பேரேட்டை எழுதும் பொறுப்பைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். மேற்பார்வைக்கு யாம் இசைகின்றோம்.

சாந்தோமிற் பழைய கோயிலை இடித்துப் புதியது கட்டினர். கட்டுவோர் எல்லாக் காலத்தும் அதனையே செய்வர். புதிய கோயில் கட்டுதல் குற்றமன்று. பழையதன் சொல்லைக் கேளாமற் கட்டுதலே குற்றம். தங்கள் ஊர்க் கோயிலில் எழுத்துக் கல் உண்டென அறிந்த அன்பர்கள், ஊரின் பெயரையும் கல் இருக்குமிடத்தையும் குறித்து இவ்வாண்டுக்குள் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியனுப்பக் கோருகின்றோம். அச்சிறுமியின் அப்புச்சி ஊரிலிருந்து முதற் கடிதம் வந்துவிட்டது. பளிங்கைப் பெயர்த்துக் கல்லை நிமிர்த்த ஊரார் இசைந்திருக்கின்றனர்.